240 மில்லிக்கு மூன்று சூளை

அளவுக் கப் செய்வது என்பது, முதலில் ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த வாக்கைத் தூக்கி நெருப்பில் போட்டு, வெளியே என்னவாக வருகிறது என்று பார்க்கிற தொழில்.

சமையல் குறிப்பில் 'ஒரு கப் மாவு, முக்கால் கப் பால்' என்று படித்துவிட்டு, அலமாரியைத் திறந்து, இதில் எதை கப் என்கிறார்கள் என்று திருதிருவென முழித்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் ஆள். பால் பாக்கெட்டில் மில்லி போட்டிருக்கும், குறிப்பில் கப் போட்டிருக்கும், நடுவில் நிற்பது நீங்கள். அந்த நடுவில் நின்று கொஞ்ச நாள் நானும் அவதிப்பட்டிருக்கிறேன். உங்களைவிட ஒரு படி அதிகமாகவே. நீங்கள் கப்பைத் தேடினீர்கள், நான் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

விருத்தாசலத்தில் என் அண்ணி வசந்தா ஒரு சின்ன பீங்கான் யூனிட் வைத்திருக்கிறார். அகல் விளக்கு, டீ கப், ஊறுகாய் ஜாடி. அச்சு வேலையெல்லாம் கலியபெருமாள் அண்ணன் கை. நான் அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். அந்த வேலை போனபின் யூனிட்டுக்கு வந்தேன். எனக்கு மண் தெரியாது, மேலே பூசிச் சுடுகிற கிளேஸ் தெரியாது. விளக்குகளைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அளப்பது. அது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, ஷமீம் அக்கா வரும்வரை.

ஒரே பேச்சு

ஷமீம் அக்கா மங்கலம்பேட்டையில் தன் வீட்டு மாடியில் பெண்களுக்கு கேக் வகுப்பு எடுக்கிறார். கணவர் குவைத்தில். ஒருநாள் பையோடு யூனிட்டுக்கு வந்தவர், டீகூடக் குடிக்காமல் நாலு பாத்திரத்தை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் ஒன்று. கணவர் அங்கேயிருந்து கொண்டுவந்தது ஒன்று. ஆன்லைனில் வாங்கியது ஒன்று. நாலாவது சாதாரண எவர்சில்வர் டம்ளர். அவரிடம் படிக்கிறவர்கள் இந்த நாலையுமே 'ஒரு கப்' என்றுதான் சொல்கிறார்களாம்.

நான் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த கண்ணாடி அளவு ஜாடியை மறுநாள் கொண்டுவந்து அளந்தேன். குக்கர் கப் 180 மில்லி. குவைத் கப் 250. ஆன்லைன் கப் 240. டம்ளர் 205. குக்கரில் சோறு வைக்கிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை; ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் என்றால், எந்தக் கப்பாக இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டு தான். கேக் அப்படி இல்லை. முட்டை எந்தக் கப்புக்கும் கட்டுப்படாது. போன வகுப்பில் இருபது பேர் ஒரே குறிப்பை எழுதிக்கொண்டு போய் இருபது விதமாகச் செய்துகொண்டு வந்தார்களாம், ஒன்று செங்கல், ஒன்று கூழ்.

பிளாஸ்டிக் கப் வாங்கிக் கொடுத்தால் இரண்டே மாதத்தில் எழுத்து அழிந்து சோப்புப் பொடி டப்பாவுக்குள் போய்விடுகிறது, பீங்கான் என்றால் கொஞ்சம் மரியாதையாக வைத்துக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். நோன்பு முடிந்ததும் புது வகுப்பு. நாற்பது பேர். ஒரு கப், அரை, கால், மூன்றில் ஒன்று என்று நாலு கப் கொண்ட செட். ஒரு கப் என்றால் 240 மில்லி, அதில் மாற்றம் கிடையாது. அண்ணி யோசிக்க ஆரம்பிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். படியிறங்கும்போது ஷமீம் அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"நாப்பது செட்டு வேணும் சுமதி. நாப்பதும் ஒரே பேச்சு பேசணும்."

அண்ணி போட்ட எல்லை

அண்ணிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விளக்கு கொஞ்சம் சிறுத்தாலும் எரியும். டீ கப் கொஞ்சம் பெருத்தாலும் குடிக்கிறவர் சந்தோஷப்படுவார். அளந்து பார்ப்பதற்கென்றே வாங்குகிற ஒரு சாமானை, சுடச்சுடச் சுருங்குகிற மண்ணில் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்வதற்கே தைரியம் வேண்டும். சூளையில் கப் வைத்த இடத்தில் விளக்கு வைக்க முடியாது என்பது வேறு.

நான் விடவில்லை. ஆறு வருடமாகப் பேப்பரில் விளக்கு சுற்றியிருக்கிறேன் அண்ணி, எனக்குத் தெரிந்த வேலையை ஒருமுறை செய்ய விடுங்கள் என்று கேட்டேன். அண்ணி கிளேஸ் வாளியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்:

"மூணு சூளை தரேன். மூணுலயும் வரலன்னா, அந்த ஜாடியக் கொண்டுபோயி வூட்டுல வச்சிடு. விளக்கே செய்வோம்."

தண்ணீர் ஊற்றி அளந்தவள்

முதல் அவமானம் முதல் வாரத்திலேயே வந்தது. கலியபெருமாள் அண்ணன் மாதிரிக்கு ஒரு கப் வார்த்து, நிழலில் காயவைத்திருந்தார். நன்றாகக் காய்ந்து வெளுத்து, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இருந்தது. சுடுவதற்கு முன்னால் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்தால்தானே சுட்டபின் எவ்வளவு போயிற்று என்று தெரியும்? ஆய்வகத்தில் பதினோரு வருடம் பழகிய கை. ஜாடியில் தண்ணீர் எடுத்தேன், குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைந்து நிற்கிற நீரின் அடிவிளிம்பைப் பார்த்து, சொட்டுச் சொட்டாக அந்தக் கப்பில் ஊற்றினேன். விளிம்பு வந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது மேசையில் கப் இல்லை. கொஞ்சம் சேறு இருந்தது, அதன் நடுவில் கைப்பிடி மட்டும் நிமிர்ந்து நின்றது. சுடாத மண்ணுக்கு அது கப் என்று தெரியாது, தண்ணீர் பட்டதும் மறுபடி மண்ணாகிவிடும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஜாடியைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டது. அண்ணன் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து சுடாத பச்சைக் கப்பைக் கேழ்வரகு போட்டுத்தான் அளக்கிறேன். அவர் அன்று சொன்னது இதுதான்:

"கப்பு போனா போவுது, வேற வார்த்துக்கலாம். கைப்பிடி மட்டும் எப்புடி நின்னுது பாரு, அது நான் ஒட்டுனது."

183

மண் எவ்வளவு சுருங்கும் என்று கலியபெருமாள் அண்ணனைக் கேட்டேன். நூற்றுக்குப் பன்னிரண்டு என்றார். முப்பது வருடமாக இதே மண்ணில் வேலை செய்கிறவர், கையை மண்ணில் வைத்தாலே சொல்லிவிடுவார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடைசியில் 240 வேண்டும். அதோடு நூற்றுக்குப் பன்னிரண்டு சேர்த்தால் 269. அச்சிலிருந்து எடுத்ததும் உள்ளே 269 மில்லி கேழ்வரகு பிடிக்கிற மாதிரி அச்சு செய்து தாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு படித்த பெண் சொல்கிறது என்று செய்து கொடுத்துவிட்டார். அது போலவே வார்த்து, காயவைத்து, இருபத்துநாலு கப் முதல் சூளைக்குப் போயின.

சூளை ஆறித் திறந்தபோது எல்லாம் அழகாக இருந்தன. கீறல் இல்லை, கோணல் இல்லை. கொஞ்சம் குட்டியாக இருக்கிறதே என்று மனதுக்குள் ஒரு உறுத்தல். ஜாடியை எடுத்து ஊற்றினேன். 183 மில்லியில் தளும்பிவிட்டது. அடுத்தது 184. அதற்கடுத்தது 183. இருபத்துநாலும் அப்படியே. ஷமீம் அக்கா கேட்ட ஒரே பேச்சைத்தான் பேசின, ஆனால் தப்பான பேச்சு. அண்ணி சுவர்க் காலண்டரில் ஒரு கோடு போட்டார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கலியபெருமாள் அண்ணன் ஒரு பச்சை விளக்கையும் சுட்ட விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். உயரத்தில் பன்னிரண்டு குறைந்திருந்தது. அகலத்திலும் பன்னிரண்டு. நீளத்திலும் பன்னிரண்டு. அவர் விளக்கையும் ஊறுகாய் ஜாடியையும் ஸ்கேல் வைத்து அளந்தே பழகியவர், அதனால் அவர் சொன்ன பன்னிரண்டு ஒரு பக்கத்துக்கு. கப்புக்குள் தண்ணீர் நிற்பதோ மூன்று பக்கமும் சேர்ந்து. மூன்று பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போனால், நூறு மில்லி பிடித்தது அறுபத்தெட்டுதான் பிடிக்கும். நான் ஆரம்பித்திருக்க வேண்டியது 269 இல்லை, 352. அறிவியல் கூடத்தில் பதினோரு வருடம் நின்றவள் செய்த கணக்கு. வெட்கமாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் பெருந்தன்மையாகத்தான் பதில் சொன்னார், ஆனால் இரண்டு நாள் குத்திக்கொண்டே இருந்தது:

"நான் சொன்ன பன்னெண்டு சரிதான். நீ ஒரு தடவ கேட்ட, நான் ஒரு தடவ சொன்னேன். மூணு தடவ கேட்டிருந்தா மூணு தடவ சொல்லியிருப்பேன்."

மிச்சம் இருபது மில்லி

பெரிய கப்புக்கு இரண்டாவது அச்சு 352. சின்னக் கப் மூன்றுக்கும் அதே கணக்கில் அச்சு செய்து மாதிரிக்கு ஒவ்வொன்று வார்த்தோம். இந்தமுறை எதையும் விடக்கூடாது என்று நானே வார்க்க நின்றேன். வார்ப்பது என்றால் பெரிய மந்திரம் இல்லை. கூழ் மாதிரி கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம், அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், சுற்றிலும் மண் சுவராகப் படியும். பன்னிரண்டு நிமிடம் ஆனதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். பிந்தினால் சுவர் தடிக்கும், சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். முதல் பன்னிரண்டு கப்பை கடிகாரத்தைப் பார்த்துக் கவிழ்த்தேன். அடுத்த பன்னிரண்டு ஊற்றியதும் போன் அடித்தது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு பெண். யூனிட்டில் அளவு கப் செய்கிறார்கள் என்று யாரோ சொல்ல, நம்பர் வாங்கிப் பேசுகிறார். அவர் குறிப்பில் இரண்டு கப் பால் என்று இருக்கிறது, கையில் அரை லிட்டர் பாக்கெட், என்ன செய்வது? நான் சந்தோஷமாகச் சொன்னேன்: இரண்டு கப் என்றால் 480 மில்லி, பாக்கெட்டில் 500, அதனால் இருபது மில்லியை விட்டுவிட்டு மற்றதை ஊற்றுங்கள். இருபது மில்லியை எப்படி அளப்பது என்று கேட்டார். ஒரு பெரிய ஸ்பூன் பதினைந்து, ஒரு சின்ன ஸ்பூன் ஐந்து என்றேன். சின்ன ஸ்பூன் என்றால் டீ ஸ்பூனா, ஊறுகாய் ஸ்பூனா என்றார். விளக்கினேன். எடுத்த பாலைத் திரும்பப் பாக்கெட்டில் ஊற்றலாமா என்றார். அதற்கும் விளக்கினேன். அந்த இருபது மில்லியில் ஒரு டீகூட வராதே, அதை வைத்து நான் என்ன செய்வது என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பும்போது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. உடனே கவிழ்த்தேன், ஒன்றும் ஆகியிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சூளையிலிருந்து வந்தபோது முதல் பன்னிரண்டும் 240-க்குப் பக்கத்தில் வந்தன. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது பன்னிரண்டு 221. இருபது மில்லியைப் பற்றிப் பேசிப் பேசியே பத்தொன்பது மில்லியைத் தொலைத்திருக்கிறேன். அண்ணி காலண்டரில் இரண்டாவது கோடு போட்டார். பன்னிரண்டு சரியாக வந்ததே என்றேன், நாற்பது தானே கேட்டார்கள் என்றார். அந்தப் பெண் போனில் கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"அவ்ளோ சுத்தமா அளக்கணும்னா, அந்த இருபது மில்லிய நீங்களே வந்து குடிச்சிட்டுப் போயிடுங்க."

எண்ணெய்க்காரரின் சண்டை

சரியாக வந்த பன்னிரண்டில் இரண்டை யூனிட்டின் முன் ரேக்கில் வைத்தோம், யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று. நல்லூரிலிருந்து ஒருவர் வாங்கிப் போனார். விவசாயி, அவர் மனைவி முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். நாலாம் நாள் கப்போடு திரும்பி வந்துவிட்டார், கையில் ஒரு தராசும் இருந்தது. மேசையில் வைத்து, கூடவே கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெயைக் கப் நிறைய ஊற்றிக் காட்டினார். எண்ணெய் மட்டும் 221 கிராம். 240 என்று போட்டுவிட்டு இருபதை எங்கே மறைத்தீர்கள் என்று கேட்டார்.

221 என்றதும், தடித்த கப்பில் ஒன்று மாறிப் போய்விட்டதோ என்றுதான் எனக்குத் தோன்றியது. எண்ணெயைத் திரும்ப அவர் பாத்திரத்திலேயே ஊற்றி, கப்பைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி அதே தராசில் வைத்தேன். 240 கிராம். தண்ணீரில்தான் ஒரு மில்லி ஒரு கிராம், எண்ணெய் லேசு, அதே இடத்தில் எடை குறைவாகத்தான் நிற்கும் என்று சொன்னேன். தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதே, பார்த்ததில்லையா என்றும் கேட்டேன். மனிதர் புரிந்துகொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை, இன்னும் வாடியது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்:

"அப்ப நேத்து செக்குக்காரரு லிட்டருக்கு எண்பது கிராம் திருடறாருன்னு பஸ் ஸ்டாண்டுல வச்சி சத்தம் போட்டேனே, அதுக்கு என்ன பண்றதுங்க?"

மூன்றில் ஒன்று

முன் ரேக்கில் ஒரு முழு செட்டும் மாதிரிக்கு இருந்தது. ஒரு அம்மா நாலு கப்பையும் எடுத்து அடுக்கிப் பார்த்தார். ஒன்று இருக்கிறது, அரை இருக்கிறது, கால் இருக்கிறது, முக்கால் எங்கே என்று கேட்டார். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்றேன். அப்படியானால் இது எதற்கு என்று மூன்றில் ஒன்று கப்பைத் தூக்கிக் காட்டினார். 80 மில்லி, மூன்று தடவை ஊற்றினால் ஒரு கப் என்றேன். மூன்று தடவை ஊற்றுவதற்கு ஒரு தடவை பெரிய கப்பிலேயே ஊற்றிவிட மாட்டேனா என்றார். உண்மையில் நம் சமையலில் மூன்றில் ஒரு கப் எதற்குமே வருவதில்லை, கேக் குறிப்பில்தான் வரும். அதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் கேக் கிடையாது என்றார். ஆனாலும் செட்டைக் கீழே வைக்கவில்லை, அந்தக் குட்டிக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பார்க்க நல்லாத்தான் இருக்குது. இதுல கல்லுப்பு போட்டு வச்சிக்கிறேன்."

மூன்றாவது சூளை

மூன்றாவதுதான் கடைசி. நாற்பது வேண்டும் என்றால் நாற்பத்தெட்டு வார்ப்போம் என்று முடிவு செய்தோம். வார்க்கிற நாலு நாளும் என் போன் வீட்டில் இருந்தது. சூளைக்குள் மேல் தட்டில் சூடு அதிகம், அங்கே வைப்பது கூடுதலாகச் சுருங்கும் என்று கலியபெருமாள் அண்ணன் சொன்னார். இந்தமுறை நான் மூன்று தடவை கேட்டேன். கப்பெல்லாம் நடுத்தட்டில், மேலேயும் கீழேயும் விளக்கு என்று அண்ணி அடுக்கினார். சின்னக் கப்புகள் போக, நடுத்தட்டில் பெரிய கப் முப்பத்தெட்டுக்குத்தான் இடம் இருந்தது. மிச்சம் பத்து மேலே போயின. எனக்கு அப்போதே தெரியும், அந்தப் பத்தை நம்பக்கூடாது.

திறந்த அன்று ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, தராசில் வைத்து, தண்ணீர் ஊற்றி எழுதினேன். மூன்று மில்லி கூடலாம், மூன்று மில்லி குறையலாம், அதற்கு மேல் போனால் வேண்டாம் என்று முன்பே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அன்று மனசு மாறிவிடக் கூடாது என்றுதான் முன்பே எழுதினேன். சின்னக் கப்புகள் எல்லாம் சமர்த்தாக வந்திருந்தன. பெரிய கப்பில் நடுத்தட்டு முப்பத்தெட்டில் ஒன்று தவிர எல்லாம் எல்லைக்குள் வந்தன. மேல் தட்டு பத்தும் 233, 232. சரியானவை முப்பத்தேழு. போன சூளையில் வந்தவற்றை எடுக்கலாம் என்றால், அவை வேறு கலவைக் கிளேஸ், பச்சை நிறம். ஷமீம் அக்கா கேட்டது வெள்ளை.

மூன்று கப் குறைகிறது. வகுப்புக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. அண்ணி மேல் தட்டுக் கப் ஒன்றை எடுத்து நடுத்தட்டுக் கப்போடு சேர்த்து வைத்துக் காட்டினார். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஏழு மில்லி, ஒன்றரை டீஸ்பூன், எவர் கண்ணுக்குத் தெரியப்போகிறது, மூன்றைக் கலந்து கட்டு என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் ஆசை கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறதே என்றுதான் சொன்னார். ஒரு நிமிடம் நானும் அந்த மூன்றையும் கையில் எடுத்துவிட்டேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு கீழே வைத்துவிட்டு ஷமீம் அக்காவுக்குப் போன் செய்தேன். முப்பத்தேழுதான் சரியாக இருக்கிறது அக்கா, மூன்று குறைகிறது, அடுத்த வாரம் விளக்குச் சூளையில் வைத்துத் தருகிறேன், வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள் என்றேன். அண்ணி பக்கத்திலேயே நின்றார். ஷமீம் அக்கா பேசியது அண்ணிக்கும் கேட்டது:

"மூணு பேரு பக்கத்து ஆளோட சேர்ந்து அளக்கட்டும், ஒரு வாரந்தானே. தப்புக் கப்ப கையில குடுத்துட்டு நான் என்னத்த சொல்லிக் குடுக்கறது?"

மாடி வகுப்பு

மறுவாரம் மிச்ச மூன்று கப்பைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மங்கலம்பேட்டை போனேன். அண்ணி நாலாவது சூளைக்குக் கோடு போடவில்லை, அது விளக்குச் சூளை, உன் கணக்கில் வராது என்று அவராகவே சொல்லிவிட்டார். மாடியில் நாற்பது பெண்கள், நீளமான மேசைகள், எங்கள் வெள்ளைக் கப்புகள். வெண்ணெய் வாசனை படியிலேயே வந்தது. ஒரு ஓரமாக நின்றேன்.

நான் போன நேரம் சரியில்லை. எல்லோருடைய கேக்கும் எழும்பியிருந்தது, ஒருத்தியுடையது மட்டும் எழும்பாமல் இறுகி வறண்டிருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம் ஆன சின்னப் பெண். கப்தான் தப்பு என்று அவள் சத்தமாகவே சொன்னாள். எல்லோரும் அவரவர் கப்பைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். முப்பத்தேழையும் நான்தான் அளந்தேன், ஆனால் அன்று 183 வரும்வரை அந்தக் கணக்கையும் நான்தான் சரி என்று நம்பினேன். ஒரு கப் பொய் என்றால் நாற்பதும் பொய். அண்ணி கொடுத்த மூன்று சூளையும் போயிற்று, நான் மறுபடி பேப்பர் சுற்றப் போக வேண்டியதுதான்.

ஷமீம் அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தராசை எடுத்து நடு மேசையில் வைத்தார், அந்தப் பெண்ணின் கப்பை வைத்துப் பூஜ்யம் ஆக்கினார், விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். நாற்பது தலையும் குனிந்தன. 240. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு அவர் அந்தப் பெண்ணையே மாவு அளந்து காட்டச் சொன்னார். அவள் கப்பை மாவுக்குள் விட்டு, அழுத்தி அழுத்தி அள்ளி, மேலே கோபுரமாகக் குவித்து எடுத்தாள். ஷமீம் அக்கா ஒரு கத்தியை எடுத்து விளிம்போடு வழித்துத் தள்ளினார். தட்டில் விழுந்த மாவு இன்னொரு கால் கப் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கப் செய்தவள் நான்தான் என்று யாரோ சொல்ல, நேராக என்னிடம் வந்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து நான் முகத்தைக்கூட சரி செய்துகொண்டேன். அவள் உண்மையிலேயே வருத்தமாகத்தான் கேட்டாள்:

"இவ்ளோ நாளா கேக்கு எழும்பலன்னா, கப்பு சரியில்ல அத்தைன்னு மாமியாகிட்ட சொல்லி சமாளிச்சிக்கிட்டு இருந்தேங்க. நீங்க வந்து கப்ப சரியா பண்ணிட்டீங்க. இனிமே நான் என்ன சொல்லட்டும்?"

மூன்று சூளை, ஒரு ஜாடி, கொஞ்சம் கேழ்வரகு எல்லாம் சேர்த்து நான் சாதித்தது, மங்கலம்பேட்டையில் நாற்பது வீட்டில் இருந்த ஒரே நல்ல சாக்கைப் பிடுங்கியதுதான் என்றாலும், ஷமீம் அக்காவின் அடுத்த வகுப்புக்காக நாளைக்கு வார்க்க இன்னும் எண்பது கப் இருக்கிறது, போனை அணைத்துவிட்டு நான்தான் வார்க்கப் போகிறேன்.